ஒரே வட்டம், இரண்டு பெயர்: துணை அதிபர் வேட்பாளரை எப்படி எடைபோடுவது?

கேள்வி: பென்சில்வேனியாவில் எக்ஸ்டன் பக்கம் 14 ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். என் கணவர் முன்பே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். நான் 2025-ல்தான் உறுதிமொழி எடுத்தேன். 2028-ல் முதன்முறையாக அதிபர் தேர்தலில் வாக்களிக்கப் போகிறேன். 2024-ல் அவர் ஓட்டுப் போட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதே எனக்குக் குழப்பம்தான். ஒரு கட்சியில் அதிபர் வேட்பாளர் பரவாயில்லை என்று தோன்றியது, கூட நிற்பவரைப் பிடிக்கவில்லை. மறுபக்கம் நேர்மாறு. "துணை அதிபருக்கு வேலையே கிடையாது, தலைவரை மட்டும் பார்" என்கிறார் கணவர். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அப்போது "கமலா நம்ம ஊர்ப் பொண்ணு" என்று பாதிப் பேர், "ஊரைப் பார்த்தா ஓட்டுப் போடுவது?" என்று பாதிப் பேர். இருவரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வழி உண்டா? இல்லையென்றால் துணை அதிபருக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பது? மூன்றாம் கட்சிக்குப் போட்டால் வீணா? நாங்கள் இருவரும் தபால் ஓட்டுப் போடலாம் என்றிருக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
வாசகி, பென்சில்வேனியா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. வாக்குச்சீட்டில் ஒவ்வொரு கட்சிக்கும் எதிரே இரண்டு பெயர்கள் இருக்கும், நிரப்புவதற்கு வட்டம் ஒன்றுதான். ஒரு கட்சியின் தலைவருக்கும் இன்னொரு கட்சியின் துணைக்கும் என்று இரண்டு வட்டத்தை நிரப்பினால் அதிபர் பதவிக்கான உங்கள் வாக்கு செல்லாததாகிவிடும். சீட்டின் மற்றப் பகுதிகள் எண்ணப்படும், அதிபருக்கானது மட்டும் போய்விடும்.

உண்மையில் அந்த வட்டத்தை நிரப்பும்போது நீங்கள் அந்த இருவருக்கும் நேரடியாக வாக்களிப்பதில்லை. அவர்களுக்கு வாக்களிப்பதாக ஒப்புக்கொண்ட 19 தேர்வாளர்களுக்குத்தான் வாக்களிக்கிறீர்கள். பென்சில்வேனியாவுக்கு 19, நாடு முழுவதற்கும் 538, வெற்றிக்கு 270. அந்தத் தேர்வாளர்கள் டிசம்பரில் கூடி அதிபருக்கு ஒரு சீட்டு, துணை அதிபருக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். பிரித்துப் போடும் வசதி அவர்களுக்குச் சட்டத்தில் இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

இது இப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் அதிக வாக்கு பெற்றவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர் என்றுதான் இருந்தது. அதனால் 1796-ல் ஜான் ஆடம்ஸ் அதிபரானார், அவரை எதிர்த்து நின்ற ஜெஃபர்சனே அவருக்குத் துணை ஆனார். 1800-ல் இன்னும் மோசம். ஒரே கட்சியின் ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 தேர்வாளர் வாக்கு பெற்று நின்றுவிட, பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்துத்தான் முடிவுக்கு வந்தது. 1804-ல் வந்த 12-வது திருத்தம் தேர்வாளர்களின் சீட்டை இரண்டாகப் பிரித்தது. கட்சிகள் இரண்டு பேரை ஒரே ஜோடியாக நிறுத்தும் வழக்கம் அதன்பின் உறுதிப்பட்டது. பிலிப்பைன்சில் இன்றும் மக்கள் இரண்டு பதவிகளுக்கும் தனித்தனியாக வாக்களிக்கிறார்கள். 2016-ல் அங்கே டுடெர்டே அதிபர், வேறு கட்சியைச் சேர்ந்த லெனி ரொப்ரேடோ துணை அதிபர். நீங்கள் விரும்பும் முறை உலகில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பென்சில்வேனியாவில் இல்லை.

இனி உங்கள் கணவர் சொன்னது. அவர் பாதி சரி. அந்தப் பாதி எது என்று பார்க்க, இந்தியத் துணைக் குடியரசுத் தலைவரை மனத்திலிருந்து கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். நம்மில் பலர் அமெரிக்கத் துணை அதிபரையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம். இரண்டு நாட்டிலும் அவர் மேலவைக்குத் தலைமை தாங்குகிறார் என்பது வரை ஒற்றுமை சரி. ஆனால் 1969 மே மாதம் ஜாகிர் உசேன் காலமானபோது வி.வி. கிரி பொறுப்புத் தலைவராக மட்டுமே வந்தார். அரசியலமைப்பின்படி ஆறு மாதத்துக்குள் புதிய தேர்தல் நடத்தியாக வேண்டும், நடந்தது. அமெரிக்காவில் அப்படி எதுவும் இல்லை. அதிபர் இறந்தாலோ விலகினாலோ துணை அதிபர் அந்த நிமிடமே முழு அதிபர். மீதிக் காலம் மூன்று ஆண்டு பத்து மாதம் என்றாலும் இடைத்தேர்தல் கிடையாது. மீதமிருப்பது இரண்டு ஆண்டோ அதற்குக் குறைவோ என்றால், அதன் பிறகு இன்னும் இரண்டு முறை தேர்தலில் நின்று ஏறக்குறைய பத்து ஆண்டு வரை பதவியில் இருக்கவும் 22-வது திருத்தம் இடம் கொடுக்கிறது.

இது அபூர்வமாக நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஜே.டி. வான்ஸ் 50-வது துணை அதிபர். அந்த 50 பேரில் 9 பேர் தேர்தல் இல்லாமல் நடுவிலேயே அதிபர் ஆனவர்கள். எட்டுப் பேர் அதிபரின் மரணத்தால் (1841, 1850, 1865, 1881, 1901, 1923, 1945, 1963), ஒருவர் 1974-ல் நிக்சன் விலகியதால். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்.

அந்தப் பட்டியலில் மூன்று பேரைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். உங்கள் மதிப்பெண் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஜான் டைலரை 1840-ல் விக் கட்சி சேர்த்துக்கொண்டது தென் மாநில வாக்குகளுக்காக. கட்சியின் முக்கியத் திட்டம் தேசிய வங்கி, டைலருக்கோ அதில் உடன்பாடே இல்லை. துணைதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதவியேற்ற ஒரே மாதத்தில், 1841 ஏப்ரல் 4 அன்று, அதிபர் ஹாரிசன் இறந்தார். டைலர் வங்கி மசோதாவை இரண்டு முறை ரத்து (வீட்டோ) செய்தார். வெளியுறவு அமைச்சர் வெப்ஸ்டர் ஒருவரைத் தவிர அமைச்சரவை முழுக்க விலகியது, கட்சி அவரை வெளியேற்றியது. ஹாரிசனுக்கு வாக்களித்தவர்களுக்குக் கிடைத்தது ஹாரிசனின் எதிர்த்திட்டம்.

1864-ல் லிங்கன் தன் கட்சியைச் சேராத ஆண்ட்ரூ ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். தென் மாநிலக்காரர், ஆனால் நாடு பிரியக் கூடாது என்று நின்றவர். போர்க்கால ஒற்றுமைக்கு நல்ல அடையாளம். இரண்டாம் முறை பதவியேற்ற ஆறே வாரத்தில் லிங்கன் கொல்லப்பட்டார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கான 1866 குடிமை உரிமை மசோதாவை ஜான்சன் ரத்து செய்தார், நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்ற வேண்டியதாயிற்று. 1868-ல் பதவிநீக்க விசாரணையில் ஒரே ஒரு வாக்கில் தப்பினார்.

மூன்றாமவர் ட்ரூமன். கொள்கையில் அதிபர் ரூஸ்வெல்ட்டோடு முரண்பாடு இல்லை. சிக்கல் வேறு. 82 நாள் மட்டுமே துணை அதிபராக இருந்தார், அதிபரை நெருங்கிப் பார்த்ததே சொற்பம். அணுகுண்டுத் திட்டத்தைப் பற்றிய முழு விளக்கம் அவருக்குக் கிடைத்தது பதவியேற்ற பிறகு, 1945 ஏப்ரல் 25 அன்று. ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமா.

இதிலிருந்து என் கருத்தைச் சொல்கிறேன். துணை அதிபர் வேட்பாளருக்கு மதிப்பெண் போடாதீர்கள். தலைவருக்கு 80, துணைக்கு 20 என்று கூட்டிப் பார்ப்பது பலரும் செய்வது, ஆனால் கணக்கு தவறு. துணை அதிபரின் தாக்கம் நாள்தோறும் 20 சதவீதமாக வந்துகொண்டிருப்பதில்லை. பெரும்பாலான நாட்களில் பூஜ்யம், ஒரு நாள் வந்தால் நூறு. அப்படிப்பட்ட ஒன்றைச் சராசரியில் கரைக்கக் கூடாது. தேர்வில் "தேர்ச்சி / தேர்ச்சி இல்லை" என்று மட்டும் போடும் தாள் போல வையுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: இவர் நாளைக் காலையே அதிபராகி மீதி நான்கு ஆண்டும் இருந்தால் என்னால் ஏற்க முடியுமா?

இரு பக்கத்துத் துணைகளும் தேறிவிட்டால் அவர்களை மறந்துவிட்டுத் தலைவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். உங்கள் கணவர் சொல்வது அந்த இடத்தில் முழுக்கச் சரி. ஒருவர் தேறவில்லை என்றால் அப்போது அந்த அணியின் தலைவருடைய வயதையும் உடல்நிலையையும் எடுத்துப் பாருங்கள். 50 வயதுத் தலைவருக்குப் பின்னால் நிற்கும் பலவீனமான துணையும், 78 வயதில் பதவியேற்பவருக்குப் பின்னால் நிற்கும் பலவீனமான துணையும் ஒன்றல்ல. 2021-ல் பைடனும் 2025-ல் டிரம்ப்பும் 78 வயதில்தான் பதவியேற்றார்கள். அந்த இரண்டு தேர்தலிலும் துணையைப் பற்றிய கேள்வி முன்வரிசைக்கு வந்தது நியாயமே. இரு துணைகளும் தேறவில்லை என்றால் எந்தத் தவறைக் காங்கிரசும் நீதிமன்றமும் தடுக்க முடியும், எதைத் தடுக்க முடியாது என்று பாருங்கள். படைகளுக்கு ஆணையிடுவதும் மன்னிப்பு வழங்குவதும் ஏறக்குறைய யாரும் தடுக்க முடியாதவை. அந்த இரண்டில் உங்களை அதிகம் அச்சுறுத்துபவரைத் தவிருங்கள்.

துணை அதிபருக்கு நாள்தோறும் என்னதான் வேலை என்றால், அரசியலமைப்பு தருவது சொற்பம். மேலவையான செனட்டில் வாக்குகள் சமமாக நின்றால் முடிவு செய்யும் வாக்கு அவருடையது. செனட் 50-50 என்று இருக்கும் காலத்தில் அது சிறு விஷயமல்ல. 2022 ஆகஸ்டில் மருந்து விலையை மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பேரம்பேச அனுமதித்த சட்டம் அப்போதைய துணை அதிபர் கமலா ஹாரிசின் வாக்கால் 51-50 என்று செனட்டைத் தாண்டியது. 2025 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சர் ஹெக்செத்தின் நியமனமும், ஜூலை 1-ல் டிரம்ப்பின் பெரிய வரிச் சட்டமும் வான்சின் வாக்கால் அதே 51-50-ல் தாண்டின. ஹாரிஸ் நான்கு ஆண்டில் 33 முறை இப்படி வாக்களித்தார், அது சாதனை எண்ணிக்கை. ஆனால் அந்த வாக்கு இந்நாளில் ஏறக்குறைய எப்போதும் கட்சியோடுதான் போகும். ஆகவே அதற்காகத் தனியாக ஆளை எடைபோட வேண்டியதில்லை. ஜனவரி 6-ல் தேர்வாளர் வாக்குகளைத் திறக்கும் கூட்டத்துக்கும் அவரே தலைமை. அதில் தானாக எதையும் ஏற்கவோ தள்ளவோ அவருக்கு அதிகாரம் இல்லை என்று 2022-ல் வந்த சட்டம் வெளிப்படையாக எழுதிவிட்டது.

மற்ற வேலைகள் அதிபர் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அமைச்சரை அதிபர் நினைத்த நேரத்தில் நீக்கலாம், துணை அதிபரை நீக்க முடியாது. அவரும் மக்கள் தேர்ந்தெடுத்தவர். அதிபரால் பணியாற்ற இயலவில்லை என்று அறிவிக்கும் 25-வது திருத்தத்தின் நான்காம் பிரிவு துணை அதிபரின் கையெழுத்து இல்லாமல் நகராது. இதுவரை அதை யாரும் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்த வேண்டிய நாள் வந்தால் தேவைப்படுவது அதிபரிடம் "முடியாது" என்று சொல்லக்கூடிய ஆள். எனவே "தேர்ச்சி" கேள்விக்குள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இவர் இதற்கு முன் எங்காவது, தன் கட்சித் தலைமைக்கு எதிராக, தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் நின்றிருக்கிறாரா?

இதைத் தேடும்போது எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. துணையாக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து அவர் பேசுவது தலைவரின் கொள்கையைத்தான். 1980-ல் ரீகனின் பொருளாதாரத் திட்டத்தைக் கடுமையாகச் சாடிய மூத்த புஷ், சில மாதங்களில் அதே திட்டத்துக்கு மேடை ஏறினார். 2019 ஜூன் விவாதத்தில் பைடனை நெருக்கிக் கேள்வி கேட்டவர் ஹாரிஸ். 2016-ல் டிரம்ப்பை வெளிப்படையாக விமர்சித்தவர் வான்ஸ். இதைத் துரோகம் என்றோ நடிப்பு என்றோ சொல்ல வரவில்லை. இணைந்து நிற்பவர் வேறு மாதிரிப் பேச முடியாது. ஆனால் அவர் தனியாக அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன செய்வார் என்பதை அறிய, அறிவிப்புக்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளைப் படியுங்கள். மாநாட்டுப் பேச்சையும் அதற்குப் பிந்தைய பேட்டிகளையும் கடைசியில் வையுங்கள்.

ஆள் ஆளுநராக இருந்தவர் என்றால் அவர் ரத்து செய்த மசோதாக்களைப் பாருங்கள். கையெழுத்திட்டவை கூட்டுமுயற்சி, ரத்து செய்தவைதான் அவருடைய சொந்த முடிவு. வெள்ளம், கலவரம், தொற்றுநோய் என்று ஏதாவது நெருக்கடி வந்திருந்தால் முதல் 72 மணி நேரத்தில் என்ன ஆணை போட்டார் என்று தேடுங்கள், அதிபர் வேலைக்கு மிக அருகில் இருக்கும் சான்று அதுதான். செனட்டராகவோ பிரதிநிதியாகவோ இருந்தவர் என்றால் பெயர் பதிவு செய்து நடந்த வாக்கெடுப்புகளைக் காங்கிரஸ் டாட் கவ் தளம் வழியே பார்க்கலாம். அங்கே ஓர் எச்சரிக்கை. "இவர் அந்தச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார்" என்று விளம்பரம் சொன்னால், அது இறுதி வாக்கா, நடைமுறை வாக்கா, ஒரு திருத்தத்தின் மீதான வாக்கா என்று பார்த்துவிட்டு நம்புங்கள். ஆயிரம் பக்கச் செலவு மசோதாவை எதிர்த்தவர் அதற்குள் இருந்த ஒவ்வொரு வரியையும் எதிர்த்தவர் ஆகிவிட மாட்டார். அதிபர் வேட்பாளர், துணை வேட்பாளர் இருவருமே சொத்து விவரப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அதில் சரியான தொகை இருக்காது, 15,001 முதல் 50,000 டாலர் வரை என்பது போல வரம்புகள்தான். எந்தத் துறைப் பங்குகள், யாரிடம் கடன் என்பதை அறிய அது போதும்.

துணை வேட்பாளர்கள் வழக்கமாக ஒரே ஒரு விவாதத்தில்தான் மோதுகிறார்கள். 2024-ல் அக்டோபர் 1 அன்று வான்சும் ஜனநாயகக் கட்சியின் துணை வேட்பாளர் டிம் வால்ஸும் 90 நிமிடம் பேசினார்கள். அடுத்த நாள் துண்டு வீடியோக்களை விட்டுவிட்டு முழுவதையும் ஒரு முறை பாருங்கள். எந்தப் பதிலில் தன் தலைவரின் பெயரைச் சொல்லாமல், ஒரு துறையின் செயல்பாட்டைத் தானே விளக்குகிறார் என்று கவனித்தால் போதும்.

துணையைத் தேர்ந்தெடுத்த விதம் தலைவரைப் பற்றியும் சொல்லும். வாக்காளர் கண்ணெதிரே அதிபர் வேட்பாளர் எடுக்கும் முதல் பெரிய நியமன முடிவு அதுதான், பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். 1972-ல் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் அவசரத்தில் செனட்டர் ஈகிள்டனைத் துணையாக அறிவித்தார். மனச்சோர்வுக்காக அவர் மருத்துவமனையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றிருந்தது அதன் பிறகே வெளியே வந்தது. 18 நாளில் ஈகிள்டன் விலகினார். சிகிச்சை பெற்றது குற்றமல்ல. கேட்க வேண்டியதைக் கேட்காமல் அறிவித்ததும், முதலில் முழு ஆதரவு என்று சொல்லிவிட்டுப் பிறகு கைவிட்டதும்தான் மெக்கவர்னைப் பற்றி வாக்காளருக்குத் தெரியவந்தவை. எத்தனை வாரம் விசாரித்தார், தன்னிடம் இல்லாத எந்த அனுபவத்தைத் தேடினார், தன்னோடு முரண்படக்கூடியவரைத் துணிந்து எடுத்தாரா, அல்லது ஒரு மாநிலத்தின் வாக்குக்காக மட்டும் எடுத்தாரா என்று கேளுங்கள்.

தலைவர்களை ஒப்பிடும்போது பத்து பிரச்சினைகளை எடுத்தால் பத்திலும் அரைகுறையாக நிற்பீர்கள். உங்கள் வீட்டைத் தொடும் மூன்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை மாற்றும் கை யாருடையது என்று எழுதுங்கள். நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். குடியேற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டுக்கு இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதற்குக் காரணமான, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு சட்டத்தில் இருப்பது. எச்-1பி வேலை விசாவின் ஆண்டு எண்ணிக்கையான 65,000-மும் கூடுதல் 20,000-மும் அப்படியே. காங்கிரஸ் மாற்றினால்தான் உண்டு. "நான் வந்தால் நீக்கிவிடுவேன்" என்று எந்த அதிபர் வேட்பாளர் சொன்னாலும் அது அவர் கையில் இல்லை. மாறாக, எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கானது) இருப்பவர்களில் ஒரு பகுதியினர் வேலை செய்ய 2015-ல் கிடைத்த அனுமதி வெறும் நிர்வாக விதி. அதிபரின் நிர்வாகமே அதைத் திருத்தும் வேலையைத் தொடங்கலாம். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வந்தது டிரம்ப் கையெழுத்திட்ட ஒரே அறிவிப்பால். குடியுரிமை பெற்ற நீங்கள் பெற்றோருக்குக் கிரீன் கார்டு கேட்டால் ஆண்டு வரம்பு இல்லை என்பது சட்டம், ஆனால் மனுவைப் பரிசீலிக்கும் வேகமும் தூதரக நேர்காணலும் நிர்வாகத்தின் கையில். இப்படிப் பிரித்து எழுதினால் பாதி வாக்குறுதிகள் தாமாகவே உதிர்ந்துவிடும். வாழ்நாள் நியமனம் பெறும் கூட்டாட்சி நீதிபதிகளை மட்டும் மறக்காமல் பட்டியலில் சேருங்கள், அதிபர் போன பிறகும் அவர்கள் இருப்பார்கள்.

"நம்ம ஊர்ப் பொண்ணு" விஷயம். கமலா ஹாரிசின் தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், தாத்தாவின் பூர்விகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2020-லும் 2024-லும் அந்த ஊர்க் கோயிலில் அர்ச்சனை நடந்தது, பெருமைப்படுவதில் தவறே இல்லை. அந்தப் பெருமையை வாக்குக்குக் காரணமாக்கினால், வான்சின் மனைவி உஷாவின் பெற்றோர் ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் என்று இன்னொரு குழு சொல்வதற்கும் அதே எடை கொடுக்க வேண்டிவரும். குடும்பப் பின்னணி ஒருவருக்கு எதைப் புரியவைத்திருக்கிறது என்பதை அவர் போட்ட கையெழுத்திலும் வாக்கிலும் தேடுங்கள். அங்கே தென்பட்டால் கணக்கில் எடுங்கள், தென்படாவிட்டால் அதைக் கோயில் விசேஷத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் கட்சி பற்றி: உங்கள் மாநிலம் கலிஃபோர்னியாவாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். பென்சில்வேனியாவில் 2016-ல் டிரம்ப் 44,292 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் மட்டும் ஏறக்குறைய 50,000 வாங்கியிருந்தார். அவருக்குப் போட்டவர்கள் எல்லோரும் ஹிலரி கிளின்டனுக்குப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது, பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். ஆனாலும் 19 தேர்வாளர்களும் மொத்தமாக ஒரு பக்கம் போகும் இடத்தில், வெல்ல வாய்ப்புள்ள இருவரில் யார் வந்தாலும் தனக்கு ஒன்றுதான் என்று உண்மையிலேயே நினைப்பவர்தான் மூன்றாம் பெயரை நிரப்ப வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பிரித்துப் போடும் ஆசை நியாயமானதே, அதற்கு இடம் அதே சீட்டில் கீழே இருக்கிறது. 2028-ல் பென்சில்வேனியாவின் ஒரு செனட் இடமும் தேர்தலுக்கு வருகிறது. கட்சிக்கு ஒரே குறி போட்டு முடித்துவிடும் வசதியை மாநிலம் 2019-ல் நீக்கிவிட்டது, ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகத்தான் நிரப்ப வேண்டும். அதிபருக்கு ஒரு கட்சி, அவரைக் கட்டுப்படுத்தச் செனட்டுக்கு இன்னொரு கட்சி என்று வாக்களிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கால அட்டவணையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே முதற்கட்டத் தேர்தலில் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். கட்சி சாராதவர் என்று பதிந்திருந்தால் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்குப் பங்கு இல்லை. இப்போதுள்ள சட்டப்படி அதிபர் தேர்தல் ஆண்டில் அது ஏப்ரலின் நான்காம் செவ்வாய், பதிவுக்கும் கட்சி மாற்றத்துக்கும் 15 நாள் முன்பு கடைசி. அப்போது துணை வேட்பாளர் யார் என்றே தெரியாது, அந்தப் பெயர் பெரும்பாலும் கோடையில் மாநாட்டையொட்டி வரும். ஆகவே தலைவர்களைப் பற்றிய வேலையை மார்ச்சுக்குள் முடியுங்கள், துணைகளை ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் படியுங்கள். பொதுத் தேர்தல் 2028 நவம்பர் 7, வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 23, தபால் வாக்குக்கு விண்ணப்பம் அக்டோபர் 31 மாலை 5 மணிக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

அதற்கு முன்பே, இந்த வாரமே, பெயர்களைச் சரிபாருங்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான். குடும்பப்பெயர் இல்லாத தமிழ்ப் பெயரில் அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் கடைசிப் பெயராகவும், இன்னொன்றில் நடுப்பெயராகவும், மூன்றாவதில் வெறும் இனிஷியலாகவும் இருக்கும். குடியுரிமைச் சான்றிதழில் கணவர் பெயரைச் சேர்த்திருப்பீர்கள், ஓட்டுநர் உரிமத்தில் பழைய பெயரே இருக்கும். வாக்காளர் பதிவை உரிம எண்ணோடோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தோடோதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் புதிய பெயரையும் குடியுரிமையையும் பதியுங்கள், அடுத்து ஓட்டுநர் உரிமம், அதன்பின் அதே எழுத்துக்கூட்டலில் வாக்காளர் பதிவு. வரிசையை மாற்றினால் பதிவு நிலுவையில் நிற்கலாம், கடிதம் வரலாம், அந்தக் கடிதத்தை விளம்பரத் தாள்களோடு சேர்த்துப் போட்டுவிடுவோம்.

தபால் வாக்கு வந்ததும் உறைகளை எண்ணுங்கள். சீட்டை முதலில் ரகசிய உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும், அந்த உறையை வெளியுறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். ரகசிய உறை இல்லாமல் நேரே வெளியுறைக்குள் போன சீட்டு எண்ணப்படாது. ரகசிய உறையின் மேல் பெயரோ குறியோ எதுவும் எழுதக் கூடாது. வெளியுறையில் கையெழுத்திட்டு அன்றைய தேதியை முழுமையாக எழுதுங்கள். பழக்கதோஷத்தில் பிறந்த தேதியை எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேதி பற்றி நீதிமன்றங்களில் நீண்ட வழக்குகள் நடந்தன, அந்தச் சர்ச்சைக்குள் உங்கள் உறை போய் மாட்டத் தேவையில்லை. அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில், நாள் அடுத்து. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் சீட்டு மாவட்ட அலுவலகத்தில் இருக்க வேண்டும். அன்றைய அஞ்சல் முத்திரை இருந்தால் போதும் என்று வேறு சில மாநிலங்களில் இருப்பது இங்கே செல்லாது. கடைசி வாரம் ஆகிவிட்டால் தபாலை நம்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நேரில் கொடுக்கும்போது இருவரும் போங்கள். கணவர் தன் உறையோடு உங்கள் உறையையும் சேர்த்துப் பெட்டியில் போட இந்த மாநிலத்தில் அனுமதி இல்லை. உடல்நிலை காரணமாக எழுத்துமூலம் நியமித்தால் தவிர, அவரவர் உறையை அவரவரே கொடுக்க வேண்டும். மனம் மாறி வாக்குச்சாவடிக்கே போவதென்று முடிவெடுத்தால் தபால் சீட்டையும் உறையையும் கையோடு எடுத்துப்போய் அங்கே ஒப்படைத்துவிட்டுத்தான் வழக்கமான சீட்டு வாங்க முடியும். அந்தச் சாவடியில் முதன்முறையாக வாக்களிப்பதாக இருந்தால் அடையாள அட்டையும் கேட்பார்கள். பாஸ்போர்ட்டோ புதுப்பித்த ஓட்டுநர் உரிமமோ போதும்.